ஜெர்மன்காரர் இரண்டு நிமிடம் முன்னால் வருகிறார், நாம் ஏன் ரிசப்ஷனுக்கு எட்டு மணிக்குப் போகிறோம்?

கேள்வி கேட்டவர் கிண்டியில் ஒரு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி. ஜெர்மனி வாடிக்கையாளரோடு தினமும் வீடியோ மீட்டிங். 2 மணி என்றால் அவர்கள் 1.58-க்கே திரையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். நம் பக்கத்தில் 2.07-க்கு ஒருவர், 2.10-க்கு இன்னொருவர். "நம் ஆட்களுக்கு நேரத்தின் அருமையே தெரியாதா? ஜப்பான்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் மட்டும் அது ரத்தத்திலேயே ஊறியிருக்கிறதா? கலாசாரம்தான் காரணமா?" என்று கேட்டிருக்கிறார்.

ரத்தத்தில் ஒன்றும் ஊறவில்லை தம்பி. எந்த ஊர்க்காரரும் எல்லாவற்றிலும் வேகமாக இருப்பதில்லை, எல்லாவற்றிலும் மெதுவாகவும் இருப்பதில்லை. எந்தக் காரியத்துக்குக் கடிகாரம் பார்க்க வேண்டும், எதற்குப் பார்க்க வேண்டாம், யாருக்காக யார் காத்திருக்கலாம் என்பதில்தான் ஊருக்கு ஊர் ஏற்பாடு மாறுகிறது. வெளிநாட்டு நிறுவனங்களோடு ரொம்ப வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நம்ம ஊர்க் கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். ஞாயிறு மாலை 6.30-க்கு ரிசப்ஷன் என்று பத்திரிகையில் போட்டிருக்கும். அதை நம்பி 6.30-க்குப் போய் நின்றால், மண்டபத்தில் அப்போதுதான் நாற்காலிக்கு உறை மாட்டிக்கொண்டிருப்பார்கள். மைக்செட்காரர் "செக், செக்" என்று ஊதிப் பார்த்துக்கொண்டிருப்பார். பெண்ணுக்கு இன்னும் மேக்கப் முடிந்திருக்காது. வாசலில் பன்னீர் தெளிக்க வேண்டிய பெண்கள் மாடியில் புடவை கட்டிக்கொண்டிருப்பார்கள். ஏழரை தாண்டித்தான் ஜோடி மேடைக்கு வரும். இது எல்லோருக்கும் தெரியும், அதனால் எல்லோரும் எட்டு மணிக்கு வருகிறார்கள். யாரும் யாரிடமும் கோபித்துக்கொள்வதில்லை.

அதே குடும்பம், அதே மண்டபம், மறுநாள் திங்கட்கிழமை காலை. முகூர்த்தம் 6 மணிக்கு மேல் 7.30 மணிக்குள். 7.30-க்கு ராகு காலம் பிறந்துவிடும். 6.50-லிருந்தே பெரியப்பா வாட்சைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார். ஐயர் மந்திரத்துக்கு நடுவில் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் செல்போனைத் திருப்பி நேரம் பார்க்கிறார். "பொண்ணைக் கூட்டிட்டு வாங்க" என்று முதல் தடவை சாதாரணமாகச் சொன்னவர், இரண்டாவது தடவை குரலை உயர்த்துகிறார். வீடியோக்காரர் இன்னொரு ஷாட் கேட்டால் யாரோ ஒரு சித்தப்பா அவரை அதட்டுகிறார். 7.10-க்குக் கெட்டிமேளம். சூரிச் ரயில் நிலையம்கூட இவ்வளவு பதற்றத்தோடு நேரத்தைக் காப்பாற்றுமா என்பது சந்தேகம்தான்.

அது முடிந்ததும் பந்தி. தாலி கட்டும்வரை நிதானமாக இருந்த ஜனம், இலையில் இன்னும் ரசம் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் போய், முதுகில் மூச்சு படுகிற தூரத்தில் இடம் பிடித்து நிற்கிறது.

நேற்று மாலை ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தவர்களும் இன்று காலை ஒரு நிமிடம் தவறாதவர்களும் ஒரே ஆட்கள்தான். நேரம் பார்க்கத் தெரியாதவர்கள் செய்கிற காரியமா இது? அவர்களுக்கு முகூர்த்தம் கடிகாரத்தோடு கட்டப்பட்டது. ரிசப்ஷன் அப்படி இல்லை, ஆள் சேர்ந்தால் ஆரம்பம்.

இந்த வித்தியாசத்தைப் பற்றி நிறைய ஆராய்ந்தவர் ராபர்ட் லெவின் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர். பிரேசிலில் பாடம் நடத்தப் போன இடத்தில், மாணவர்கள் தாமதமாக வருவதையும், வகுப்பு முடிந்த பிறகும் எழுந்து போகாமல் பேசிக்கொண்டிருப்பதையும் பார்த்து அசந்துபோனவர். கடிகாரத்தைப் பார்த்து நடக்கும் வாழ்க்கை ஒன்று, நிகழ்ச்சியைப் பார்த்து நடக்கும் வாழ்க்கை இன்னொன்று என்று அவர் பிரித்தார். மாடுகள் தண்ணீர் குடிக்கப் போகும்போது சந்திக்கலாம் என்று புருண்டி நாட்டு ஜனங்கள் பேசிக்கொள்வதாக எழுதியிருக்கிறார். நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்துடு என்று நம் பாட்டிகள் சொன்னதும் அதேதான். வெயில் காலத்திலும் மழைக் காலத்திலும் அந்த நேரம் முன்னே பின்னே நகரும், யாருக்கும் குழப்பம் வராது.

ஒரு நாளின் கணக்கை எங்கே தொடங்குவது என்பதுகூட ஊருக்கு ஊர் வேறு. எத்தியோப்பியாவில் விடியலிலிருந்து எண்ணுவார்கள், நம்முடைய காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி. ஸ்வாஹிலி பேசும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் அப்படித்தான். நம் பஞ்சாங்கமும் சூரிய உதயத்திலிருந்துதான் நாழிகை எண்ணுகிறது, ஒரு நாளைக்கு 60 நாழிகை, ஒன்றுக்கு 24 நிமிடம்.

சரி, லெவின் விஷயத்துக்கு வருகிறேன். அவரும் அரா நொரென்சயான் என்பவரும் சேர்ந்து 31 நாடுகளின் பெரிய நகரங்களில் மூன்றே மூன்று விஷயங்களை அளந்தார்கள். கடைத்தெருவில் ஆட்கள் 60 அடி தூரத்தை எத்தனை நொடியில் நடக்கிறார்கள், தபால் நிலையத்தில் ஒரு ஸ்டாம்ப் வாங்க எவ்வளவு நேரம் ஆகிறது, பொது இடத்துக் கடிகாரங்கள் எவ்வளவு சரியாக ஓடுகின்றன. 1990-களின் முதல் பாதியில் அளந்து, 1999-இல் வெளியிட்டார்கள். முதலிடம் சுவிட்சர்லாந்து, இதில் ஆச்சரியம் இல்லை. இரண்டாவது எது என்று நினைக்கிறீர்கள்? அயர்லாந்து. அதற்கப்புறம்தான் ஜெர்மனியும் ஜப்பானும். ஐந்தாவது இத்தாலி! நாடுகளைப் பற்றி நாம் மனதில் வைத்திருக்கும் படங்களை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அந்த இரண்டாம், ஐந்தாம் இடங்களே போதும். கடைசி மூன்று பிரேசில், இந்தோனேசியா, மெக்சிகோ.

அந்த 31-இல் இந்தியா இல்லை. அளந்திருந்தால் நாம் எங்கே வந்திருப்போம் என்று யோசித்துப் பார்ப்பதுண்டு. ராயப்பேட்டை மணிக்கூண்டையும் ரிப்பன் மாளிகைக் கடிகாரத்தையும் எந்த நாளில் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து மதிப்பெண் ஏறியும் இறங்கியும் இருக்கும். நடை வேகத்தை ரங்கநாதன் தெருவில் அளந்தால் பாவம் அந்த ஆராய்ச்சியாளர்தான், அங்கே யாரும் தன் வேகத்தில் நடப்பதில்லை, கூட்டத்தின் வேகத்தில் நகர்கிறார்கள்.

மூன்று அளவுகளை வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் வாழ்க்கையையே எடை போட முடியாது, அது வேறு. ஆனால் எந்த ஊர் வேகம் என்பதைவிட, வேகத்தோடு சேர்ந்து வருபவை என்ன என்று அவர்கள் பார்த்ததுதான் எனக்குச் சுவாரசியம். பணக்கார நாடுகளில் வேகம் அதிகம். குளிர் நாடுகளில் அதிகம். தனி மனிதனை முன்னால் வைக்கும் சமூகங்களில், குடும்பத்தையும் கூட்டத்தையும் முன்னால் வைக்கும் சமூகங்களைவிட அதிகம். வேகமான ஊர்களில் மாரடைப்பு மரணங்களும் அதிகம், புகைபிடிப்பதும் அதிகம். இதுவரை நீங்கள் எதிர்பார்த்ததுதான். ஆனால், உங்கள் வாழ்க்கை உங்களுக்குத் திருப்தியாக இருக்கிறதா என்று கேட்டால் அதே வேகமான ஊர்க்காரர்கள்தான் அதிகமாக ஆமாம் என்றார்கள். மெதுவாக வாழ்பவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள், ஓடுகிறவர்கள் வாடிப்போகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வரும் உபதேசங்களுக்கு இது ஒத்துவராது. காரணம் பெரும்பாலும் காசுதான் என்பது என் அபிப்பிராயம். ஓடினால் கையில் நாலு காசு சேருகிற ஊரில் ஓட்டம் வலிக்காது. ஓடியும் சேராத ஊரில் எதற்கு ஓடுவது?

குளிர், வெயில் விஷயத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதைத்தான் நாம் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்து நம்மையே திட்டிக்கொள்கிறோம். மே மாதம், அக்னி நட்சத்திரம், மதியம் ஒன்றரை மணி. அண்ணா சாலையில் ஜெர்மன் வேகத்தில் நடக்கிறவர் கட்டுப்பாடு உள்ளவர் இல்லை, வெயிலைப் பற்றித் தெரியாதவர். நம் ஊரில் பழைய நாள் ஒழுங்கே வேறு மாதிரி இருந்தது. கபாலீஸ்வரர் கோயில் நடை மதியம் சாத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். மாட வீதியில் சில பழைய கடைகள் மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிடும். கட்டட வேலைக்காரர்கள் விடிந்தும் விடியாமலும் ஆரம்பித்து உச்சி வெயிலில் நிழலுக்கு ஒதுங்குவார்கள். ஸ்பெயினில் மதியத் தூக்கத்துக்கு ஒரு பெயர் வைத்து உலகமே ரசிக்கிறது, நம் ஊரில் அதையே செய்தால் கடைக்காரருக்குத் திட்டு விழுகிறது. ஏசி வந்த பிறகு ஆபீஸ்களுக்கு இந்த விதி பொருந்தாது. ஆனால் அந்த ஏசி ஆபீஸின் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்குப் பொருந்தும்.

ஊரின் அளவும் ஒரு காரணம். 1976-இலேயே போர்ன்ஸ்டீன் என்ற பெயர் கொண்ட இரண்டு ஆராய்ச்சியாளர்கள், வெவ்வேறு நாடுகளில் ஊர் பெரிதாகப் பெரிதாக நடை வேகமும் கூடுகிறது என்று காட்டினார்கள். இதற்கு ஆராய்ச்சிகூட வேண்டாம். திருவண்ணாமலையிலிருந்து வந்த பையனைத் தாம்பரம் ஸ்டேஷனில் ஆறு மாதம் ஏறி இறங்க விடுங்கள், அப்புறம் ஊருக்குப் போகும்போது அவனுடைய அம்மாவே, "என்னடா இப்படிப் பறக்கிற?" என்று கேட்பார். கலாசாரம் மாறவில்லை, மொழி மாறவில்லை, வேகம் மட்டும் மாறிவிட்டது.

கலாசாரம் என்றால் மாறாத ஒன்று என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் ஜப்பானைக் காட்டுவேன். இன்று அவர்கள் இருக்கும் நிலை தெரிந்ததுதான். 2017 நவம்பரில் தோக்கியோ பக்கத்தில் ஒரு ரயில் 20 நொடி முன்கூட்டியே கிளம்பிவிட்டது என்பதற்காக, தாமதத்துக்கு இல்லை, முன்கூட்டிக் கிளம்பியதற்காக, அந்த ரயில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ரயில் ஐந்து நிமிடம் தாமதமானால் ஆபீஸில் காட்டுவதற்கு ஸ்டேஷனிலேயே சான்றிதழ் தருவார்கள். இதே ஜப்பானுக்கு 1857-இல் கடற்படைப் பயிற்சி கொடுக்க நாகசாகிக்குப் போன கட்டண்டைக்கே என்ற டச்சு அதிகாரி, இந்த ஊர்க்காரர்களின் மெத்தனத்தைத் தாங்க முடியவில்லை, சொன்ன நேரத்துக்கு எதுவுமே வருவதில்லை என்கிற ரீதியில் புலம்பியிருக்கிறார். இன்று பெங்களூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் ஒரு ஜப்பானிய மேனேஜர் ஊருக்கு எழுதும் மெயில் மாதிரியே இருக்கும்.

அன்றைய ஜப்பானில் பகலை ஆறாகவும் இரவை ஆறாகவும் பிரித்திருந்தார்கள். கோடையில் பகல் நீளும், ஆகவே பகல் நேரத்து ஒரு மணியும் நீளும். குளிர்காலத்தில் சுருங்கும். நிமிடக் கணக்கே தேவைப்படாத வாழ்க்கை. 1873 ஜனவரி முதல் நாளிலிருந்து அரசாங்கம் மேற்கத்திய நாள்காட்டிக்கும் 24 மணிக் கணக்குக்கும் மாறியது. கூடவே ரயில், பள்ளிக்கூடம், பட்டாளம், ஆலை. இரண்டு மூன்று தலைமுறையில் ஒரு தேசமே வேறு மாதிரி ஆகிவிட்டது. தென் கொரியாவின் 'பல்லி பல்லி' (சீக்கிரம் சீக்கிரம்) அவசரமும் போருக்குப் பிந்தைய தொழில்மயத்தோடு வளர்ந்ததுதான், ஆதிகாலத்திலிருந்து வந்ததில்லை.

எதிர்த்திசையிலும் நடக்கும். உங்கள் வாடிக்கையாளரின் நாட்டு ரயில்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024-இல் ஜெர்மனியின் தொலைதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன, அதுவும் ஆறு நிமிடத்துக்குள் தாமதமானால் அது தாமதமே இல்லை என்று கணக்கு வைத்துக்கொண்டு. தாமதமாக வரும் ஜெர்மன் ரயில்கள் சிலவற்றைச் சுவிஸ்காரர்கள் எல்லையில் இருக்கும் பாசல் நகரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், உள்ளே விட்டால் தங்கள் அட்டவணை கெட்டுவிடுமாம். தண்டவாளத்தைப் பராமரிக்காமல் வருடக் கணக்கில் விட்டால் எந்த ரத்தமும் காப்பாற்றாது. அடுத்த தடவை மீட்டிங்கில் அவர்கள் முகம் கோணினால் இதைச் சொல்லிக் காட்டிவிடாதீர்கள். அவர்களே தினமும் இதைப் பேசித்தான் வயிறெரிந்துகொண்டிருக்கிறார்கள்.

இப்போது நம்ம ஊர் வரலாறு. இதைச் சென்னைக்காரர்களே மறந்துவிட்டார்கள் என்பது எனக்கு ஒரு ஆதங்கம். இந்த நாட்டுக்கு ரயில் நேரம் கொடுத்த ஊர் இது. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் வானாய்வுக்கூடம் வந்தது. இன்று வானிலை ஆய்வு மையம் இருக்கும் அதே வளாகம்தான், மழைக் காலத்தில் டிவியில் அடிக்கடி பார்க்கிறோமே, அது. அங்கே நட்சத்திரங்களைப் பார்த்துக் கணக்குப் போட்டுச் சென்னைக்கு ஒரு நேரம் நிர்ணயித்தார்கள், கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னால். இரவு எட்டு மணிக்குக் கோட்டையில் பீரங்கி வெடிக்கும், ஊர் அதைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். ரயில் பாதைகள் நீண்டபோது பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடையே ஒரு மணி நேரம் வித்தியாசம் இருந்தது. யார் நேரத்தை வைத்து வண்டி ஓட்டுவது? இரண்டுக்கும் நடுவே இருந்த மதராஸ் நேரத்தை ரயில்வே எடுத்துக்கொண்டது. 1906 ஜனவரி 1-இல் இந்திய நேரம் வந்தபோது சென்னைக் கடிகாரங்களை ஒன்பது நிமிடம்கூட நகர்த்த வேண்டியிருக்கவில்லை. பம்பாய்க்கு அது 39 நிமிடம். அந்த ஊர் சுதந்திரத்துக்குப் பிறகும் சில வருடம் தன் நேரத்தை விட்டுக்கொடுக்காமல் முறுக்கிக்கொண்டிருந்தது.

பீரங்கியைவிட ஜனங்களின் வாழ்க்கைக்குள் நேராகப் புகுந்தது ஆலைச் சங்கு. பெரம்பூர் பக்கம் பின்னி ஆலை ஓடிய காலத்தில் வடசென்னை வீடுகளில் கடிகாரம் தேவைப்படவில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். முதல் சங்குக்கு எழுந்து, அடுத்த சங்குக்குள் கேட்டுக்குள் போக வேண்டும். பிந்தினால் கூலி போச்சு. 1918-இல் அங்கே மதராஸ் தொழிலாளர் சங்கம் உருவானபோது தொழிலாளர்கள் முன்வைத்த குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. சாப்பாட்டை விழுங்கிவிட்டு ஓட வேண்டியிருந்தது. இந்தியாவின் ஆரம்பகாலத் தொழிற்சங்கங்களில் ஒன்று, அதன் கோரிக்கை சில நிமிடங்கள்! 1923-இல் சிங்காரவேலர் இதே ஊர்க் கடற்கரையில் மே தினம் கொண்டாடியதும், எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையும் இதன் தொடர்ச்சிதான். நிமிடக் கணக்கு சென்னைக்காரருக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் பெரம்பூருக்கு அனுப்பிவையுங்கள்.

இன்னொரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மீட்டிங் பிரச்சினைக்கு இது இன்னும் நெருக்கம். எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர், ஒரு நேரத்தில் ஒரு வேலை செய்யும் சமூகங்கள், ஒரே நேரத்தில் பல வேலை செய்யும் சமூகங்கள் என்று பிரித்தார். ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் முதல் வகை. இரண்டாவது வகையைப் பார்க்க பாரிமுனை போங்கள். கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் ஒரு மொத்தக் கடைக்காரர். ஒரு காதில் போன், எதிர்முனையில் திருப்பூர் ஆள். கை எனக்குச் சில்லறை எண்ணுகிறது. கண் பையனிடம், அந்த மேல் தட்டுப் பெட்டியை எடு என்கிறது. எனக்குப் பின்னால் வந்தவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, "அண்ணே, அந்த ரெண்டு டஜன் என்னாச்சு?" என்கிறார், அவருக்கும் தலையாட்டல் கிடைக்கிறது. நான் முதலில் வந்தேன் என்று அங்கே கோபப்பட்டால் கோமாளி ஆகிவிடுவோம். நான்கு பேருக்கும் ஏழு நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. ஒருவர் ஒருவராக வரிசையில் விட்டிருந்தால் கடைசி ஆளுக்கு இன்னும் நேரமாகியிருக்கும்.

இதே கடைக்காரரை ஜெர்மன்காரர் பார்த்தால், என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போது போனை எடுக்கிறார், மரியாதை இல்லை என்பார். நம்மவர் ஜெர்மன் தபால் நிலையத்தில் நின்றால், முன்னால் இருப்பவரின் பார்சல் முடியும்வரை ஒரு ஸ்டாம்ப்கூடத் தரமாட்டேன் என்கிறார், மனுஷனா இவர் என்பார். மீட்டிங்குக்கு 2.07-க்கு வந்த உங்கள் சக ஊழியர் தூங்கிக்கொண்டிருக்கவில்லை, காரிடாரில் யாரோ பிடித்து நிறுத்தி ஒரு சந்தேகம் கேட்டிருப்பார்கள். நேரமாச்சு என்று வெட்டிவிட்டு வருவது நம் ஊரில் மனுஷத்தனமாகப் படாது. அவர் ஒருவரை மதித்திருக்கிறார், இன்னொருவரைக் காக்க வைத்திருக்கிறார்.

இதுவரை நம் பக்கம் நின்று பேசினேன். இனி, எனக்குக் கொஞ்சமும் நியாயப்படுத்தத் தோன்றாத ஒன்று. நம் ஊர் மெதுவில் பெரும் பங்கு அடுத்தவரைக் காக்க வைப்பது. ஒரு பேட்டை கிளினிக்கைப் பாருங்கள், சென்னையில் எந்தப் பேட்டையானாலும் சரி. டாக்டர் நேரம் மாலை 6 என்று போர்டு. டோக்கன் ஐந்து மணியிலிருந்தே கொடுக்கிறார்கள், உங்கள் கையில் 27. ஆறேகாலுக்கு, "சார் ஆபரேஷன்ல இருக்காரு, கிளம்பிட்டாரு" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார் அந்தப் பெண். ஏழேகாலுக்கு கார் வருகிறது, வராந்தா முழுக்க எழுந்து நிற்கிறது. மூன்று டோக்கன் போனதும் டை கட்டிய மருந்துக் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் உள்ளே போகிறார்கள். அப்புறம் "தெரிஞ்சவங்க" ஒருவர். அனுபவப்பட்டவர்கள் டோக்கனை வாங்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைத்துவிட்டு, "இப்ப எத்தனாவது நம்பர் போகுது?" என்று போன் போடுகிறார்கள். தினக்கூலிக்காரர் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு அன்றைய மாலை வேலை போனது எந்தக் கணக்கிலும் வராது.

விழாவுக்குத் தலைவர் மூன்று மணி நேரம் தாமதமாக வருவதும், ரிஜிஸ்டர் ஆபீஸில் "நாளைக்கு வாங்க" என்பதும் இதே வகை. இங்கே மேலே இருப்பவரின் நேரத்துக்கு விலை உண்டு, கீழே இருப்பவரின் நேரம் இலவசம். இதைக் கீழை நாட்டு நிதானம் என்று யாராவது தத்துவம் பேசினால் நம்பாதீர்கள், அந்தத் தலைவர் தன் விமானத்தைத் தவறவிடுவதில்லை. வரிசைக் கலாசாரம் உள்ள நாடுகளில் நான் மெச்சுவது வேகத்தை இல்லை. 27-ஆம் நம்பர் டோக்கன் மந்திரியின் கையில் இருந்தாலும் அவர் 27-ஆவது ஆளாகத்தான் உள்ளே போவார் என்கிற அந்தச் சமத்துவத்தை.

வேகமான நாடுகள் தங்கள் மெதுவை எப்படிக் காப்பாற்றுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சட்டமே அப்படி. வாரத்தில் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு வருடத்துக்குக் குறைந்தது 20 நாள் சம்பளத்தோடு விடுமுறை, அதுவும் சட்டம். அமெரிக்காவில் அப்படி ஒரு தேசியச் சட்டம் கிடையாது. ஜெர்மனி, அமெரிக்கா இரண்டையும் பணக்கார நாடு என்று ஒரே பெட்டியில் போட்டாலும் உள்ளே கதை வேறு. பிரான்சில் வாரத்துக்கு 35 மணி நேரம் என்று வைத்தார்கள். 2017-லிருந்து, ஐம்பது பேராவது வேலை செய்யும் நிறுவனங்கள், ஆபீஸ் நேரத்துக்குப் பிறகு மெயில் பார்க்காமல் இருக்கும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேசி முடிவு செய்ய வேண்டும் என்றும் ஆக்கினார்கள். இத்தாலியில் 1986-இல் ரோம் நகரத்தின் ஸ்பானிஷ் படிக்கட்டுச் சதுக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் கடை வந்ததை எதிர்த்த கிளர்ச்சியிலிருந்து 'ஸ்லோ ஃபுட்' இயக்கம் வளர்ந்தது. சீனாவில் காலை 9 முதல் இரவு 9 வரை வாரத்துக்கு ஆறு நாள் என்ற வேலைமுறை சட்டவிரோதம் என்று 2021-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. ஓட்டம் தாங்காமல் சும்மா படுத்துக்கிடப்போம் என்று இளைஞர்கள் பேச ஆரம்பித்ததும் அதே வருடம்தான்.

ஓட்டத்துக்கு இப்படிக் கடிவாளம் போடுவது நம்மிடமும் இல்லாமலில்லை. தி. நகர் ஜவுளிக் கடைகளில் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே புடவை விரிக்கும் பெண்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2021-இல் தமிழ்நாடு சட்டமன்றம், கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. 2023 ஏப்ரலில் இதே சட்டமன்றத்தில் ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறி, எதிர்ப்புக் கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. பத்து நிமிடத்தில் மளிகை கொண்டுவரும் பையன் சிக்னலில் எண் 3-க்கு வருவதற்குள் ஹாரன் அடிக்கிறான் என்று சலித்துக்கொள்கிறோம். அந்தப் பத்து நிமிடத்தை ஆர்டர் செய்தது யார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, உங்கள் மீட்டிங். ஊரைத் திருத்த வேண்டாம், அணியைத் திருத்தினால் போதும். கடிகாரத்தோடு கட்டிய காரியத்துக்கு நம்மவர்கள் நேரத்துக்கு வருவார்கள் என்பதைத்தான் முகூர்த்தத்தில் பார்த்தோமே. ஆகவே இந்த மீட்டிங் எந்த வகை என்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். 2 மணி மீட்டிங்கை 1.50 என்று பொய் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் சில ஆபீஸ்களில் இருக்கிறது, அதைச் செய்யாதீர்கள். ஒரே மாதத்தில் எல்லோரும் அந்தப் பத்து நிமிடத்தைக் கழித்துக்கொள்வார்கள். ரிசப்ஷன் பத்திரிகைக்கு நடந்தது அதுதான். பதிலாக, 2 மணிக்கு யார் இல்லாவிட்டாலும் ஆரம்பித்துவிடுங்கள், முதல் விஷயமாக உங்கள் மேனேஜருக்கு வேண்டியதை வையுங்கள். அவர் இரண்டு தடவை தவறவிட்டால் மூன்றாவது தடவை 1.58-க்கு இருப்பார். மேலே இருப்பவர் வந்தால் மற்றவர்கள் தானாக வருவார்கள்.

ஜெர்மன் பக்கத்துக்கும் ஒன்று சொல்லலாம். தாமதத்தைவிட, தாமதமாகும் என்று முன்னால் சொல்லாததுதான் அவர்களுக்கு எரிச்சல். "வெள்ளிக்கிழமை முடிச்சிடலாம்" என்று நாம் நல்லெண்ணத்தில் சொல்வதை அவர்கள் அப்படியே டைரியில் எழுதிவைப்பார்கள். முடியாது என்றால் புதன்கிழமையே முடியாது என்று எழுதிவிடுங்கள். நமக்கு அது மரியாதைக் குறைவாகத் தோன்றும், அவர்களுக்கு அதுதான் மரியாதை. வெள்ளி மதியத்துக்குமேல் பெரிய விஷயம் எதையும் ஆரம்பிக்காதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள், அதை வைத்துத் திட்டம் போடுங்கள். அதேபோல் பொங்கலுக்கு நாம் இருக்கமாட்டோம் என்பதை அக்டோபரிலேயே தேதியோடு அனுப்பிவிடுங்கள். கடைசி வாரத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டால்தான் முகம் சுளிப்பார்கள். மூன்று மாதம் முன்னால் சொன்னால் வாழ்த்து சொல்லிவிட்டுத் தங்கள் அட்டவணையை மாற்றிக்கொள்வார்கள்.